உறுதி இல்லாத ஆரை

எங்கள் மடுவில் சிவப்பு நாடா கட்டிய கம்புகள் முளைத்ததை முதலில் கண்டவர் ஹமீட் நானா என்று ஊரில் ஒரு கதை ஓடுகிறது. அது பொய். அவர் கடை திறப்பதே பாண் வண்டி வந்து போன பிறகுதான். முதலில் கண்டது நான். என் குசினி ஜன்னலைத் திறந்தால் மடுதான் தெரியும். தெரிகிறதைப் பாராமல் கண்ணைப் பொத்திக்கொண்டு தேங்காய் துருவ எனக்கு யாரும் பழக்கவில்லை.

மதுரங்குளிச் சந்தியிலிருந்து உப்புநீர்க் களப்புப் பக்கம் திரும்பி, கைவிட்ட இறால் தொட்டிகளைத் தாண்டினால் எங்கள் குடியிருப்பு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்களும், வந்த பிறகு அவர்களுக்குப் பிறந்தவர்களுந்தான் இங்கே எல்லாரும். நடுவில் இந்த மடு. மாரியில் குளம், கோடையில் பாதிக்கு மேல் சேறு. அதைச் சுற்றி எங்கள் வீடு வளவுகள்.

கம்பு நட்டது ஒரு பெண்பிள்ளை. பெயர் கோபிகா, முன்னேஸ்வரத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். பக்கத்து வீட்டு றுக்கியாவின் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். என் வீட்டு முன்னறையும் காலியாகத்தான் கிடந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும்.

றுக்கியாவின் புருஷன் நூஹுவின் பழைய றப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவள் சேற்றுக்குள் இறங்குவாள். கம்புக்குக் கம்பு கயிறு பிடித்து, மடுவைச் சதுரம் சதுரமாகப் பிரிப்பாள். பிறகு ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் குனிந்து எதையோ எண்ணி, எண்ணியதைப் போனுக்குச் சொல்லுவாள். கச்சான் காற்றுக் காலம். நாடாக்கள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பகலில் ஒருவருக்கும் கண் அயராது.

“என்ன புள்ள எண்ணுறீங்க?” என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“இலை, அன்ரி. ஆரை இலை.”

ஆரை எங்களுக்குத் தெரியாததா? புளியாரைக்கு மூன்று இலை, இதற்கு நாலு. தண்ணீரில் நின்றால் மிதக்கும், சேற்றில் நின்றால் குடை பிடித்ததுபோல நிமிரும்.

“எண்ணி என்ன செய்யப் போறீங்க?”

“எங்க கூட இருக்கு, எங்க இல்ல, எப்பிடிப் பெருகுது எண்டு பாக்கிறன். இது வழமையான ஆரை இல்ல போல அன்ரி. வேற ஒரு சாதி. இலங்கையில இல்லாமப் போயிட்டு எண்டு நினைச்ச சாதி. ஆனா இலைய வச்சுச் சொல்ல ஏலாது. காயக் கண்டாத்தான் சொல்லலாம்.”

“ஆரை எங்க காய்க்கிற? நான் அதுல ஒரு பூக் கூடக் கண்டதில்ல.”

“பூக்காது அன்ரி. ஃபேர்ண் எண்டு சொல்ற பன்னம் பரம்பரை. வேரோடி வேரோடிப் பரவும். தண்ணி வத்துற நேரம் அடியில சின்னக் காய் மாதிரி ஒண்டு வரும், பயறளவுதான். அதுக்குள்ளதான் ஆணும் பெண்ணும் இருக்கு.”

“ஒரே காய்க்குள்ளயா?”

“ஓம்.”

“நல்ல வசதி. கலியாணத்துக்கு வலிகாரரும் தேவல்ல, மஹர்க் காசும் தேவல்ல.”

அவள் சிரித்தாள். நல்ல பிள்ளைதான். ஆனால் இலை எண்ணுவதற்காக ஒரு பிள்ளை வீடு வாசலை விட்டு இந்த வெயிலுக்குள் வந்து கிடக்கும் என்பதை நான் ஹமீட் நானாவிடம் சொன்னபோது, அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இலையா எண்ணுறா? கம்பு நடுறது இலைக்கா? ராத்தா, நமக்குக் கம்பு தெரியாதா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இங்கே கம்பு நட்டுக் கயிறு பிடித்துப் போனவர்களுக்குப் பின்னால் எப்போதும் ஜீப் ஒன்று வந்திருக்கிறது.

அதன் பிறகுதான் அந்தப் போன் கதை. எங்கள் பக்கம் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் என் தென்னோலைக் கிடுகு வேலியோரம். அவள் அங்கே வந்து நின்று கதைத்தால் நான் என்ன, காதைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்கவா? பீர்க்கங்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டு நின்றேன்.

“ஓம் சேர்... இல்ல சேர், உறுதி இல்ல. மடுவில இருக்கிறது ஒண்டுக்கும் இன்னும் உறுதி இல்ல... ஓம், கம்பு அடிச்சு அளந்தாச்சு. உறுதி கையில வந்த உடன திணைக்களத்துக்கு அறிவிப்பம்.”

பந்தல் கயிறு என் கையிலிருந்து விழுந்தது.

வேறு ஊர்களில் உறுதிக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறதோ தெரியாது. எங்கள் குடியிருப்பில் ஒன்றுதான். காணி உறுதி. கல்யாணம் உறுதியா என்று கேட்டால்கூட இங்கே சிலர் ட்ரங்குப் பெட்டியைத் திறக்கப் போய்விடுவார்கள். எங்களில் சிலருக்கு உறுதி இருக்கிறது, சிலருக்குப் பெர்மிட் இருக்கிறது, சிலருக்கு விண்ணப்பித்த துண்டு இருக்கிறது. றுக்கியாவுக்கு அந்தத் துண்டும் இல்லை. அவள் வளவு, மடுவுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய பூமிக்குள் பாதி இறங்கி நிற்கிறது. நூஹுவின் வாப்பா அந்தக் காலத்தில் கண்ட இடத்தில் ஒரு கொட்டில் போட்டார். கொட்டில் கல்வீடானது. கடுதாசி மட்டும் ஆகவில்லை. ஒவ்வொரு முறை அவர்கள் போய்க் கேட்கும்போதும் ‘பார்ப்போம்’ என்றார்கள். அந்தப் ‘பார்ப்போம்’ என்ற சொல்லின் மேல்தான் அவள் இத்தனை வருஷம் சுவர் பூசி, சீமெந்து போட்டுக் குடியிருக்கிறாள். பார்க்க உண்மையிலேயே யாராவது வந்துவிட்டால் சரி, முடிந்தது.

நான் கேட்டதை ஒரேயொரு ஆளிடந்தான் சொன்னேன். அந்த ஆள் கடை வைத்திருப்பது என் பிழையில்லை.

பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்ல முதல் ஊர் முழுக்கப் பெட்டிகள் திறந்தன. மறுநாள் சந்தியில் போட்டோக்கொப்பி எடுக்கிற கடையில் எங்கள் ஆட்கள்தான் வரிசை. நூஹுவின் த்ரீவீல் புத்தளம் கச்சேரிக் காணிக் கந்தோருக்கும் ஊருக்குமாக ஓடியது. நூஹுவுக்கு நல்ல ஓட்டம், ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. திறக்க அவரிடம் பெட்டி இல்லையே.

றுக்கியா என் வாசலுக்கு வந்தாள். கையில் விளக்குமாறு. கூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

“ராத்தா, காதாலதான் கேட்டீங்களா?”

“பின்ன, மூக்காலயா?”

“உறுதி இல்ல எண்டா சொன்னா?”

“மடுவில இருக்கிறது ஒண்டுக்கும் உறுதி இல்ல. அச்சொட்டா இப்பிடித்தான்.”

“என்ட சோத்தத் திண்டுக்கிட்டு...” அவள் விளக்குமாற்றை மற்றக் கைக்கு மாற்றினாள். “நேத்துக் கூட என்ட கையப் புடிச்சு, அன்ரி உங்கட சம்பல் எங்கட அம்மாட சம்பல் மாதிரி எண்டு சொன்னாளே.”

“நேரா அவக்கிட்டயே கேளு புள்ள.”

“கேட்டா ஓம் எண்டு சொல்லிருவாளே ராத்தா.”

அவள் திரும்பிப் போய், கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்பில்லை. கோழிக்கூட்டை மடுப் பக்கமிருந்து வீட்டுப் பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு வாழைக் குட்டிகளைக் கிளப்பி நட்டாள். வேலிக் கதியால்களை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், பல்லாட்டம் பார்க்கிற மாதிரி.

இதற்குள் கோபிகா ஒரு நாள் பகல் சாப்பாட்டில் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்: “அன்ரி, நாளைக்கு உங்கட குசினிக்குப் பின்னாலயும் கயிறு பிடிக்கணும்.”

றுக்கியா யோசித்த வழி இது. இந்தப் பிள்ளை வந்தது இலைக்கு. இலை இருக்கிற இடத்துக்குக் கம்பு வருகிறது. குசினிக்குப் பின்னால் ஈரத்தில் அந்த நாலிலை பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது. இலை இல்லையென்றால் கம்பும் இல்லை. ஆகவே மறுநாள் கோபிகா மடுவுக்குள் நின்ற நேரம் பார்த்து, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினாள். பிடுங்கியதை வீசினால் கண்டுவிடுவாள். எரித்தால் புகை. சத்தமில்லாமல் ஒரு பொருளை ஒழிக்க றுக்கியாவுக்குத் தெரிந்த ஒரே வழி சட்டி.

பகல் நான் அங்கே போயிருந்தேன். கொஞ்சம் கறிவேப்பிலை வேண்டியிருந்தது. என் வளவிலும் கறிவேப்பிலை மரம் இருக்கிறதுதான், ஆனால் அவளுடையது வாசம்.

கோபிகா கை கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். சோறு, பருப்பு, சூடை மீன் பொரியல், தேங்காய்ப்பூப் போட்ட பச்சைச் சுண்டல். நாங்கள் சுண்டல் என்பதை அவள் சிலாபப் பக்கத்து ஆட்கள் மாதிரி மல்லுங் என்பாள்.

“மல்லுங் நல்லா இருக்கு அன்ரி. என்ன இலை?”

“சும்மா, ஒரு கீர.”

“பொன்னாங்காணியா?”

“அதுக்குச் சொந்தக்காரக் கீர.”

நான் கறிவேப்பிலையை முகர்ந்துகொண்டு நின்றேன். கோபிகா இன்னொரு கவளம் எடுத்தாள். ‘கடக்’ என்று ஒரு சத்தம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்லா புள்ள?” றுக்கியா பதறினாள். “அரிசி நான் நல்லா அரிச்சனே!”

கோபிகா நாக்கு நுனியிலிருந்து எதையோ விரலில் எடுத்தாள். கறுப்பு. பயறளவு. பாதி வெடித்திருந்தது. எறியக் கை ஓங்கியவள் எறியவில்லை. அதைப் பார்த்தபடி எழும்பி, எச்சில் கையோடு அறைக்குள் ஓடி, பூதக்கண்ணாடியோடு வந்தாள். பார்த்தாள். தேநீர்ச் சோசரில் தண்ணீர் விட்டு அதற்குள் அந்தக் கறுப்பைப் போட்டாள். பிறகு அதன் முன்னால் குந்திக்கொண்டிருந்தாள். சோறு ஆறியது. நானும் றுக்கியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த வெடிப்புக்குள்ளிருந்து கண்ணாடி நூல் மாதிரி ஒன்று தலை நீட்டியது. வழுவழுவென்று புழுப்போல நீண்டு, சோசருக்குள் வளைந்து, இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிப் பைகளைத் தொங்கவிட்டபடி விரிந்தது. நான் “அஊது பில்லாஹ்” என்று பின்னால் போனேன்.

“காய்!” என்றாள் கோபிகா. அவள் கண் நிறைந்துவிட்டது. “இதான் அன்ரி காய்! ரெண்டு மாசமா நான் தேடுற காய்! சமைச்ச பிறகும் விரியுது பாருங்க!” அதற்குப் பிறகுதான் அவளுக்கு மற்றது விளங்கியது. பீங்கானைத் திரும்பிப் பார்த்தாள். விரலால் சுண்டலைக் கிளறினாள். “ஐயோ கடவுளே. நான் என்ட ஆராய்ச்சியத் திண்டிட்டன்.”

றுக்கியாவின் கையில் அகப்பை அந்தரத்தில் நின்றது.

“இது கடிபட்ட காய், இத வச்சு என்ன சாதி எண்டு சொல்ல ஏலாது. முழுசா ஒண்டு வேணும். எங்க பிடுங்கினீங்க அன்ரி?”

“புடுங்கல்ல. வாங்கின.”

“எங்க வாங்கின?”

“புத்தளம் சந்தையில.”

நான் வாய் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள், ஆனாலும் திறக்கவில்லை.

கோபிகா அந்த நிமிஷமே புறப்பட்டாள். நூஹுவின் த்ரீவீலில்தான். எனக்கும் புத்தளத்தில் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு யோசிக்கலாம் என்று ஏறிக்கொண்டேன். நூஹுவிடம் றுக்கியா கிணற்றடியில் வைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மனிசன் வழியெல்லாம் அடக்கக் கொண்டுபோகிற ஜனாஸாவுக்குப் பின்னால் போகிறவர் மாதிரி ஓட்டினார்.

சந்தையில் கீரைக்காரர் ஒருவரையும் அவள் விடவில்லை. சோசரிலிருந்ததைக் கண்ணாடிப் போத்தலுக்குள் கொண்டுவந்திருந்தாள். அதைக் காட்டினால் அவர்கள் மீன் குஞ்சா என்று கேட்டார்கள். கடைசியில் வல்லாரைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்த ஒரு நானா, “ஆரையையா? ஆரைய ஆரு தங்கச்சி காசு குடுத்து வாங்குற? அது மாடு மிதிக்கிற சாமான்” என்று சிரித்தார். வெயிலில் அவள் முகம் சிவந்து, காது வரை தூசி. எனக்கே பாவமாக இருந்தது. இரண்டு முறை நூஹுவைப் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அவளுக்குப் போன் வந்தது. பக்கத்தில் இருந்ததால் வேலி தேவைப்படவில்லை.

“சேர், காய் இருக்கு! கடிபட்டிட்டு, அதான். முழுக் காய் ஒண்டு கிடைச்சாப் போதும் சேர், உறுதி கையில!”

நூஹு பிறேக்கை மிதித்தார். நான் முன் கம்பியில் மோதினேன்.

“யார்ர உறுதி புள்ள?” என்று அவர் திரும்பிக் கேட்டார்.

“ஆரையிட, அங்கிள்.”

“ஆரைக்கு என்னத்துக்கு உறுதி? அது எங்க காணி வாங்கியிருக்கு?”

“காணியா? இல்ல அங்கிள், இது இன்ன சாதிதான் எண்டு... நிச்சயமா... உறுதியாச் சொல்றது.” சொல்லிக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். “அதுக்காகவா நீங்க எல்லாரும் ஒரு கிழமையாக் கச்சேரிக்கு ஓடினீங்க?”

நூஹு வண்டியை ஓரங்கட்டி ஹாண்டிலில் நெற்றியை வைத்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். எனக்குக் கேட்டது சரி, அர்த்தந்தான் வேறு. கேட்டவருக்குக் காதுக்கு மட்டுந்தானே பொறுப்பு.

“அப்ப உறுதியானா என்ன நடக்கும்?” என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்லது நடக்கும் அங்கிள்! இவ்வளவு அரிய சாதி. திணைக்களம் அந்த இடத்தப் பாதுகாப்பாங்க. சுத்தி வேலி கூடப் போடுவாங்க.”

“எந்த இடத்த?”

“காய் உள்ள இடத்த.”

சிரிப்பு நின்றது. வண்டி புறப்பட்டது. நாங்கள் பயந்தது வேறு காரணத்துக்கு, ஆனால் பயம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இப்படிக் கோணலாக வந்து சரியாக விழுகிற பயம் எங்கள் ஊரில் மட்டுந்தான் விளையும்.

நான் முதலில் சொன்னதைத் திருத்திச் சொல்வது கடமை என்பதால் ஹமீட் நானாவிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு நெஞ்சை நீவினார். “அல்ஹம்துலில்லாஹ். அப்ப அது றுக்கியாட வளவுக்குத்தானே? நமக்கென்ன?”

அந்த ‘நமக்கென்ன’ அன்று பின்னேரமே ஊரைச் சுற்றி வந்தது. அதுவரை சேர்ந்து பெட்டி திறந்தவர்கள் சேர்ந்து மூடினார்கள். ஆனால் பெட்டியை மூடிய ஹமீட் நானா தன் கடைக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போனபோது, அங்கேயும் வேலியோரம் ஐந்தாறு நாலிலை. மனிசன் சாரத்தை மடித்துக் கட்டினார். பிடுங்கினார். என் வளவுக்குள் எறிந்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அதை மற்றப் பக்கத்து வீட்டுக்குள் எறிந்தேன், வேறென்ன செய்ய? அங்கிருந்து அது அடுத்த வளவுக்குப் போனது. றுக்கியா தன் பங்கை ஒரு சட்டியில் கொண்டுபோய் மடுவின் அக்கரையில் தட்டிவிட்டு வந்தாள். ஒவ்வொருவரும் தன் வளவில் இல்லை என்று காட்டத்தான் எறிந்தார்கள். ஆனால் அந்தச் செடிக்கு எங்கள் கஷ்டம் தெரியவில்லை. பிய்ந்த துண்டெல்லாம் விழுந்த சேற்றில் வேர் விட்டது. ஒரு மூலையில் கிடந்தது மடுவைச் சுற்றி ஊர்வலம் வந்தது.

கோபிகா மறுபடி எண்ணப் போனாள். இலையே இல்லாத சதுரத்துக்குள் கொத்துக் கொத்தாக ஆரை. எண்ணினாள், அழித்தாள், மறுபடி எண்ணினாள். அடுத்த நாள் அது வேறு சதுரத்தில். “சேர், இது நடக்குது” என்று என் வேலியோரம் நின்று சொன்னாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “உண்மையா, இது இடம் மாறி நடக்குது சேர்.”

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் மடுவுக்குள் குனிந்திருந்தபோது தலைக்கு மேலால் ஒரு ஆரைக் கொத்து பறந்து வந்து முன்னால் ‘சளப்’ என்று விழுந்தது. நிமிர்ந்தாள். மேட்டில் ஹமீட் நானா, மடித்த சாரத்தோடு, எறிந்த கையை இன்னும் இறக்காமல்.

“முதலாளி, என்ன செய்றீங்க?”

“குப்ப” என்றார் ஹமீட் நானா.

அவள் பூட்ஸோடு சேற்றிலேயே இருந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என் ஜன்னலிலிருந்து தெரியவில்லை, அதனால் கிட்டப் போனேன். றுக்கியாவும் வந்திருந்தாள்.

“எழும்பு புள்ள. சேத்துப் புண் வரும்.” றுக்கியா கை கொடுத்தாள். பிடித்து எழுப்பிவிட்டு, கையை விடாமல் சொன்னாள்: “சந்தையில வாங்கல்ல. என்ட குசினிக்குப் பின்னால புடுங்கின.”

“தெரியும் அன்ரி. புத்தளத்தில வச்சே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இவங்க எறியிறதுக்கு முதலே ரெண்டு மாசம் எண்ணி வச்சிருக்கன். மடுவில எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் உங்கட குசினிக்குக் கிட்ட வரவரத்தான் கூடுது.”

“அப்ப எழுதப் போறியா?”

“எழுதாம விட ஏலாது அன்ரி.”

“எழுதினா என்ட வீடு?”

கோபிகா கையில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். “தெரியாது.”

“உனக்கு ஒரு பொய் சொல்லவாவது தெரியாதா?” றுக்கியாவின் குரல் உயர்ந்தது. “ஒண்டும் நடக்காது அன்ரி எண்டு ஒரு வார்த்த சொல்லு, நான் இண்டைக்கு இரவாவது படுக்கிறன்!”

அவள் சொல்லவில்லை. றுக்கியாவே மறுபடி கேட்டாள், சண்டைக்காரக் குரல் இறங்காமல்: “இவ்வளவு பெரிய மடுவில அதுக்கு என்ட மூலதானா கிடைச்ச? ஏன்?”

“தண்ணி.” கோபிகாவுக்குக் கேள்வி வந்ததும் உயிர் வந்துவிட்டது. “கோடையில களப்பு உப்பு அடியால ஏறி வருது. மடு முழுக்க உவர். அளந்து பாத்தன். உங்கட கிணறு மட்டும் நல்ல தண்ணி. நீங்க உடுப்புத் தோய்க்கிறது, சட்டி கழுவுறது எல்லாம் அந்த வாய்க்காலால மூலைக்கு ஓடுது. அது எவ்வளவு தூரம் ஓடுதோ அவ்வளவு தூரந்தான் இந்தச் செடி. கரையில காஞ்சு வரேக்க காய்க்குது. இவங்க எறிஞ்சது எல்லாம் இப்ப பச்சையா நிக்கும், ஆனா உப்புக்கு நிக்காது.”

“நான் ஒரு கோடைக்குத் தண்ணி ஊத்தாட்டி?”

கோபிகா தயங்கினாள். இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். சொன்னாள்.

“செடி இல்லாமப் போயிரும்.”

இவ்வளவு லேசான வழியை இந்தப் பிள்ளை தானே எடுத்துக் கையில் கொடுக்கிறாளே! ஒரு கோடை வாய்க்காலை அடைத்துவிட்டால் காயுமில்லை, வேலியுமில்லை. றுக்கியா அதை விளங்கிக்கொண்டது முகத்தில் தெரிந்தது. தன் குசினிச் சுவரைப் பார்த்தாள். வாய்க்காலைப் பார்த்தாள்.

“அப்ப, என்னய இங்கயிருந்து எழுப்பிட்டா?” என்றாள் மெதுவாக. “என்னய எழுப்பி வேலி போட்டா? வேலிக்குள்ள யாரு சட்டி கழுவுற?”

கோபிகாவும் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லு. நான் போனா அது நிக்குமா?”

“நிக்காது அன்ரி.”

“அத எழுது.” றுக்கியா அவள் கையை இன்னும் விடவில்லை. “முதல் வரியிலயே எழுது. இந்த மனிசி இங்க இருந்து தண்ணி ஊத்துறதாலதான் இது இருக்கு எண்டு எழுது. என்ட பேரப் போட்டு எழுது.”

“ஆராய்ச்சியில அப்பிடி ஆக்கள்ர பேர்...”

“செடிக்குப் பேர் போடுவாய்தானே? நீட்டுப் பேர் ஒண்டு? அதுக்குப் பக்கத்தில எனக்கும் போடு. என்டது சின்னப் பேர்தான், இடம் புடிக்காது.”

பிறகு அவளைக் குசினிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். நான் என் பக்கத்தால் சுற்றிப் போய் வேலியில் ஒரு கிடுகை விலக்கினேன். உடுப்புத் தோய்க்கிற கல்லை றுக்கியா நெம்பிப் புரட்டினாள். பிடுங்கும்போது கைக்கு எட்டாத வேர்கள் அங்கே இருந்தன. கோபிகா முழங்காலில் விழுந்து ஈர மண்ணை விரலால் நீவினாள். காம்பின் அடியில் கறுப்பாக ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கடிபடாதவை. கோபிகா அவற்றைத் தொடவில்லை. றுக்கியாவின் முகத்தைப் பார்த்தாள்.

“எடு” என்றாள் றுக்கியா. “ரெண்டயும் எடுக்காத. ஒண்ட விடு.”

இது நடந்த கையோடு கோபிகா கொழும்புக்குப் போய்விட்டாள். காய் அந்தச் சாதிதான் என்று நேற்றுப் போன் வந்தது. மழைக்குப் பிறகு ஆட்கள் பார்க்க வருவார்களாம். அவர்கள் கோபிகா எழுதியதை வாசித்துக்கொண்டு வருவார்களா, வாசிக்காமல் வருவார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. நூஹு தினமும் முன் சுவரில் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். றுக்கியா கழுவுவதற்கு ஒன்றும் இல்லாத நேரத்திலும் வாளி வாளியாக அள்ளி வாய்க்காலுக்குள் ஊற்றுகிறாள். விடியவும் ஊற்றுகிறாள், பொழுது படவும் ஊற்றுகிறாள். கப்பிச் சத்தம் ஓய்வதில்லை.

செடி நிற்கிற வீட்டை அசைக்கமாட்டார்களாம் என்ற கதை எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. நான் ஒரு ஆளிடந்தான் சொன்னேன். இப்போது எல்லார் குசினிக்குப் பின்னாலும் தண்ணீர் ஓடுகிறது. ஹமீட் நானா வந்து என் வேலியோரம் தொண்டையைச் செருமினார்.

“ராத்தா, அண்டைக்கு உங்கட வளவுக்குள்ள தவறி விழுந்திச்சே, அந்தக் கீர. அது எங்கட.”

“அப்பிடியா? அதுல உங்கட பேர் எழுதியிருக்கா?”

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். கொடுத்திருப்பேன், கொடுக்க என்னிடம் அதிகம் இல்லை. மற்றப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கி நட்ட மூன்று கொத்தும் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. என் கிணறு வாயில் வைக்க முடியாத உவர். அதனால் இன்று காலை குடத்தைத் தூக்கிக்கொண்டு றுக்கியாவின் கிணற்றடிக்குப் போனேன்.

அவள் கப்பிக் கயிற்றை விடாமல் என்னையும் குடத்தையும் பார்த்தாள்.

“குடிக்கவா ராத்தா, ஊத்தவா?”

“குடிக்கத்தான் புள்ள. வேற என்னத்துக்கு?”

“குடிக்கிறதெண்டா குடம் என்னத்துக்கு?” என்று சொல்லி, ஒரு கோப்பையில் அள்ளி நீட்டினாள். நான் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.